இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்த பழைய வீட்டுக்குப் பாரம்பரியச் சின்ன மனு போடுவது எப்படி?

அரசலாற்றங்கரையில் எங்கள் பெரியப்பா வீடு இரண்டு கட்டு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு, கொல்லை. ஓர் ஐப்பசி மழையில் பின்கட்டுச் சுவர் சாய்ந்ததும், "பழுதடைந்த கட்டடம், அப்புறப்படுத்தவும்" என்று நோட்டீஸ் வந்துவிட்டது. அதற்கப்புறம் நான் அலைந்து கற்றுக்கொண்ட வரிசை இது.

முதல் வேலை: தண்ணீரை நிறுத்துங்கள்

மனு நகர மாதக்கணக்காகும், மழை காத்திருக்காது. ஓடு போன இடத்தில் தார்ப்பாய் போடுங்கள், முற்றத்து ஜலதாரை அடைப்பை எடுங்கள். சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள், சுவரும் கூடவே வரும்; சுவரை ஒட்டி வெட்டிவிடுங்கள். பாசத்தில் சிமென்ட் மட்டும் பூசிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் அதை அடைத்துவிட்டால் ஓதம் மேலேறி, உப்புப் பூத்து, செங்கல் பொரியும். எங்கள் ரேழியில் இதைச் செய்தது நான்தான். இரண்டே வருடத்தில் பாளம் பாளமாக விழுந்தது.

நோட்டீஸுக்குப் பதில்

பயந்து ஒளித்து வைக்காதீர்கள். எந்தப் பகுதி ஆபத்து, எது உறுதி என்று ஒரு கட்டடப் பொறியாளரிடம் எழுதி வாங்கி, முட்டுக் கொடுத்த படங்களோடு கெடுவுக்குள் பதில் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பங்காளிகள்

பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சேர்த்துக்கொண்டு பங்குதாரர் எல்லாரிடமும் சம்மதக் கடிதம் வாங்குங்கள். சட்டத்தைவிட இதுதான் கஷ்டம். கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பா மகன் கேட்ட முதல் கேள்வியே, "வித்தா என்ன வரும்?" என்பதுதான்.

வயதை நிரூபிப்பது

"நூறு வருஷம் இருக்கும் சார்" என்பது எந்தக் கோப்பிலும் ஏறாது. எங்கள் கூடத்து உத்திரத்தில் "விளம்பி ௵ தை ௴", அதாவது விளம்பி வருடம் தை மாதம், என்று செதுக்கியிருந்தது. ஆனால் தமிழ் வருடம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஆக, அந்தத் தை 1839 ஆகவும் இருக்கலாம், 1899, 1959 ஆகவும் இருக்கலாம். அப்போது கை கொடுத்தது ஓர் அடமானப் பத்திரம். அதில் நிலவரிக் கணக்கு ஆண்டில் "பசலி 1315" என்று போட்டு, இந்த வீட்டின் நான்கு எல்லையும் எழுதியிருந்தது. பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருடம் வரும்: 1905. ஆக, 1959 இல்லை.

மிச்சம் இரண்டு. கூரையில் மங்களூர் ஓடு, பின்பக்கம் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பின் முத்திரை. அவர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஓடு மட்டும் சாட்சியாகாது, பின்னால் மாற்றியிருக்கலாம். ஆனால் கைமரத்தின் மேல் ஓடு தாங்கும் ரீப்பர் சட்டங்களின் இடைவெளி அந்த ஓட்டுக்கே அளந்து அடித்தது, வேறு பழைய ஆணித்துளை ஒன்றுகூட இல்லை. அதனால் 1899 என்று எழுதி, காரணத்தையும் எழுதினேன்.

எந்தக் கதவைத் தட்டுவது?

மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுப் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்துக்கு வீடு குறைந்தது 100 வருடப் பழமையும் தேசிய முக்கியத்துவமும் பெற்றிருக்க வேண்டும். சின்னமானால் சுற்றி 100 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. தெருவே உங்களைத் திட்டும். சாதாரண வீட்டுக்கு அது வேண்டாம் என்பேன்.

மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. சின்னமாகும் அளவுக்குப் போகாத கட்டடங்களுக்காக 2012இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் வந்தது. என் கணிப்பில் டெல்டா வீடுகளுக்குப் பொருத்தமான வழி அதுதான். 1984இல் தொடங்கிய இன்டாக் (INTACH) ஓர் அறக்கட்டளை, அரசு அலுவலகம் இல்லை. ஆனால் பழங்கட்டடங்களை ஆவணப்படுத்துகிறவர்கள். அவர்களின் குறிப்பு இருந்தால் மனுவுக்கு வலு.

வயதோடு, ஏன் முக்கியம் என்பதும் வேண்டும். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வீட்டுக்கு அவர் பெயரே போதும். நமக்கு அப்படி யாரும் இல்லையென்றால் வேலைப்பாட்டையும் தெருவையும் காட்டுங்கள். எங்கள் வரிசையில் ஒன்பது வீட்டுத் திண்ணைகள் ஒரே மட்டத்தில் ஓடுகின்றன. அந்தப் படத்தைத்தான் முதல் பக்கத்தில் வைத்தேன்.

மனு

இரண்டு பக்கம் போதும். அளவுகளோடு ஒரு வரைபடம், அறைக்கு இரண்டு படம், பத்திர நகல்கள். சென்னைக்கு, ஆணையத்தின் பெயரில், விரைவுத் தபாலில் ஒன்று, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் ஒன்று. அங்கே தரும் மனு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். பதிலே இல்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "என் மனு இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் கோப்பு மூன்று மாதம் ஒரே மேசையில் தூங்கியது, இந்தக் கேள்விக்குப் பிறகுதான் எழுந்தது.

பார்வையிட ஆள் வரும் நாளில் ஏணியும் டார்ச்சும் தயாராக வையுங்கள். உத்திரத்து எழுத்து நேர் வெளிச்சத்தில் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் விளம்பி தெரியும்.