அக்காள் பிள்ளைகளுக்குச் சட்டப்படி பாதுகாவலர் ஆவது எப்படி? (தென்னாப்பிரிக்கா)

என் அக்காளும் அத்தானும் ஓராண்டு இடைவெளியில் காலமானபின், அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அக்காளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நீதிமன்றத்துக்கு அலைந்து ஓர் ஆணையும் வாங்கி, எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். பிள்ளைகளை ராமேசுவரத்துக்கு அழைத்துப் போகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோதுதான், அந்த ஆணையில் ‘கேர்’ (பராமரிப்பு) என்ற சொல் இருக்கிறதே தவிர ‘கார்டியன்ஷிப்’ (பாதுகாவலர் பொறுப்பு) என்ற சொல் எங்குமே இல்லை என்பது தெரிந்தது. தவறு என்னுடையதே, படிவத்தில் கேட்டதைத்தான் நீதிமன்றம் கொடுத்திருந்தது. இரண்டாம் முறை சரியாகச் செய்து முடித்ததை இங்கே எழுதுகிறேன். இறப்புச் சான்றிதழ் வாங்குவது முதலிய தொடக்க வேலைகளை முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.

2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் சிறுவர் சட்டத்தில் நமக்கு வேண்டியவை மூன்று பிரிவுகள். பிரிவு 32, எந்த ஆணையும் இல்லாமல் ஒரு பிள்ளையை வீட்டில் வைத்து வளர்ப்பவருக்கானது. மருத்துவரிடம் அழைத்துப் போய்ச் சிகிச்சைக்கு ஒப்புதல் தருவது போன்ற அன்றாடக் காரியங்களுக்கு அது போதும். பிரிவு 23, பிள்ளையைப் பராமரிக்கவும் பிள்ளையோடு தொடர்பு வைத்துக்கொள்ளவும் ஆணை தருவது. நான் முதலில் வாங்கியது இதைத்தான். பிரிவு 24தான் பாதுகாவலர் பொறுப்பைத் தருவது. கடவுச்சீட்டு விண்ணப்பம், பிள்ளையை நாட்டைவிட்டு வெளியே அழைத்துச் செல்லுதல், பிள்ளையின் பெயரில் உள்ள வீட்டை விற்றல், தத்துக் கொடுத்தல், பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் ஆகியவற்றுக்குப் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும் என்று பிரிவு 18 சொல்கிறது. ஆகவே விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே ‘பிரிவு 24’ என்று எழுதுங்கள். பராமரிப்பும் வேண்டுமென்றால் பிரிவு 23ஐயும் சேர்த்தே கேளுங்கள்.

இரண்டாம் படி: சரியான நீதிமன்றம்.

பாதுகாவலர் பொறுப்பை உயர்நீதிமன்றம் மட்டுமே தரமுடியும் என்று உறவினர்கள் பலர் இன்னும் சொல்லுவார்கள். அது முன்பு உண்மை. 2022ஆம் ஆண்டின் 17ஆம் எண் திருத்தச் சட்டம் 2023 நவம்பர் 8 அன்று நடைமுறைக்கு வந்தபின், சிறுவர் நீதிமன்றமும் அந்த ஆணையைத் தரலாம். ஒவ்வொரு மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றமும் சிறுவர் நீதிமன்றமாகவும் இயங்குவதால் தொலைவு போக வேண்டியதில்லை. பிள்ளை வழக்கமாக வசிக்கும் பகுதியின் நீதிமன்றமாக இருந்தால் போதும். சிறுவர் நீதிமன்ற எழுத்தர் யார் என்று கேட்டு நேரே அவரிடம் செல்லுங்கள். சிக்கல் இல்லாத குடும்பத்துக்கு வழக்கறிஞர் தேவையில்லை என்பது என் கருத்து; சொத்துத் தகராறு இருந்தால் மட்டும் அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டை அணுகுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளைக்கு ஒரே பாதுகாவலராக இருந்த தாயோ தந்தையோ தம் உயிலில் உங்களைப் பாதுகாவலராகக் குறிப்பிட்டிருந்தால், முதலில் அந்த உயிலை எடுத்துக்கொண்டு, இறந்தவர்களின் உயில், சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

மூன்றாம் படி: தாள்கள். இங்கேதான் எனக்கு அதிக நாள் போயிற்று.

நம்மவர்களின் குடும்பப் பெயர்கள், முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து இங்கே கப்பல் இறங்கிய காலத்திலிருந்தே எழுதியவர் கைக்கேற்ப மாறி வந்தவை. முதலி என்பது ஒரு தாளில் மூட்லி, இன்னொன்றில் மூடலி. கவுண்டர் என்பது கவெண்டர். அக்காளின் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமும், அவள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் வேறு விதமும், இறப்புச் சான்றிதழில் மூன்றாவது விதமும் இருந்தன. ஓரெழுத்துத்தானே என்று விட்டதால் என் விண்ணப்பம் எழுத்தரின் மேசையிலிருந்தே திரும்பியது. நீங்கள் செய்ய வேண்டியது இது: எல்லாச் சான்றிதழ்களையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, வேறுபாடுகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, அந்தப் பெயர்கள் யாவும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று, அடையாள எண்ணையும் சேர்த்து, தனியாக ஓர் அஃபிடவிட் (சத்தியப் பிரமாண வாக்குமூலம்) எழுதுங்கள். குடும்பத்தில் மூத்தவர் ஒருவரும் அதே விவரத்தை உறுதிசெய்து எழுதினால் இன்னும் நல்லது.

முதன்மை அஃபிடவிட்டில் நீங்கள் யார், பிள்ளைக்கு என்ன உறவு, பெற்றோர் எப்போது காலமானார்கள், பிள்ளைகள் எந்த நாளிலிருந்து உங்களிடம் இருக்கிறார்கள், பள்ளி, வருமானம், எதற்காகப் பாதுகாவலர் பொறுப்பு வேண்டும் என்பவை வரவேண்டும். பிள்ளையின் நலன், உங்களுக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு, பிள்ளையோடு தொடர்புடைய பிறரின் உறவு ஆகியவற்றை நீதிமன்றம் பார்க்கும் என்பதால், தந்தை வழியினரின் சம்மதத்தையும் எழுதி வாங்குங்கள். பிள்ளைகளின் பெரியப்பா வீட்டுக்கு வெறுங்கையோடும் படிவத்தோடும் போய் நிற்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் பேச்சோடு பேச்சாகக் கேட்டது நான் செய்த சில சரியான காரியங்களில் ஒன்று.

அஃபிடவிட்டை வீட்டிலேயே கையெழுத்திட்டுக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். சத்தியப் பிரமாணம் செய்விக்கும் அதிகாரியின் கண்முன்னால்தான் கையெழுத்திட வேண்டும். முன்பே கையெழுத்திட்ட பதினொரு பக்கங்களை மீண்டும் அச்செடுத்து, மழையில் இரண்டாம் முறை வரிசையில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நீங்களும் அந்த அதிகாரியும் சுருக்கொப்பம் இட வேண்டும். கறுப்பு மை பந்துமுனைப் பேனாவைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாதீர்கள். ஜெல் பேனா முத்திரைக்கு அடியில் கலங்கிவிடும். தாள்களைத் தைக்காமல் பிளாஸ்டிக் உறைகளில் இட்டு லீவர் ஆர்ச் ஃபைலில் வையுங்கள், ஏனென்றால் எழுத்தர் நகல் எடுக்கும் ஒவ்வொரு முறையும் பின்னைப் பிடுங்க நேரும். சான்றொப்பமிட்ட நகல்கள் ஐந்து தொகுதியாவது தேவைப்படும்.

நான்காம் படி: சமூகப் பணியாளரின் வருகையும் விசாரணையும்.

நீதிமன்றம் அறிக்கை கேட்டால் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வீடு பெரிதா சிறிதா என்று அவர் பார்க்கவில்லை. அக்காளின் மகள் தன் பள்ளிச் சீருடையை எந்தத் தட்டிலிருந்து எடுக்கிறாள் என்று கவனித்தார். யாரும் கேட்காமலே அவள் அலமாரியைத் திறந்து காட்டினாள். விசாரணையில் பதினான்கு வயது மகனிடம் மாஜிஸ்ட்ரேட் நேராகவே பேசினார், ஏனென்றால் விவரம் அறியும் பருவத்துப் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டத்தின் பிரிவு 10 சொல்கிறது. பதிலை மனப்பாடம் செய்விக்காதீர்கள். என்னவெல்லாம் கேட்கக்கூடும் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

ஐந்தாம் படி: ஆணை கையில் வந்தபின்.

அங்கேயே நின்று ஆணையைப் படியுங்கள். பிள்ளைகளின் முழுப் பெயர், அடையாள எண், ‘கார்டியன்ஷிப்’ என்ற சொல் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பெற்றோரின் பணம் கார்டியன்ஸ் ஃபண்டில் (வயது வராத பிள்ளைகளின் பணத்தை மாஸ்டர் அலுவலகம் காத்துவைக்கும் நிதி) இருந்தால், குவாசுலு-நட்டால் மாகாணத்தில் உள்ளவர்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாஸ்டர் அலுவலகத்துக்குப் படிப்புச் செலவு, பராமரிப்புச் செலவு ஆகியவற்றுக்கு ரசீதுகளோடு விண்ணப்பிக்கலாம். மீதம் பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் அவரிடமே சேரும். ஓய்வூதிய நிதியின் பணம் வேறு வழியில் வருவது. அதை யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவது அந்த நிதியின் அறங்காவலர்களின் பொறுப்பு.

பின்சேர்க்கை 1: கிராண்ட் (அரசு உதவித்தொகை) வாங்க இந்த ஆணை வேண்டுமா என்று பலர் கேட்டார்கள். வேண்டியதில்லை. உறவினர் வளர்க்கும் பெற்றோரில்லாப் பிள்ளைக்குச் சிறுவர் ஆதரவு கிராண்டோடு கூடுதல் தொகை 2022 முதல் அரசின் சமூக உதவித்தொகை அமைப்பான சாஸா வழியாகக் கிடைக்கிறது. பெற்றோரின் இறப்புச் சான்றிதழ்களைக் கொண்டுபோங்கள். கிராண்டுக்காக வளர்ப்புப் பராமரிப்பு (ஃபாஸ்டர் கேர்) ஆணை வாங்கியவர்கள் அதைப் பாதுகாவலர் ஆணை என்று எண்ணிவிட வேண்டாம்.

பின்சேர்க்கை 2: கோயிலில் தாலி கட்டி, அரசுப் பதிவு செய்யாத திருமணங்கள் நம்மிடையே பல உண்டு. அதனால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இல்லாமல் இருக்கலாம். அதை மறைக்காமல் அஃபிடவிட்டில் ஒரு பத்தியாக எழுதுங்கள்.

பின்சேர்க்கை 3: தாய் இல்லை, தந்தை எங்கோ இருக்கிறார் என்று ஒரு பாட்டி எழுதியிருந்தார். பாட்டியம்மா, பிள்ளையின் தந்தை சட்டப்படி பாதுகாவலராக இருந்தால், அவர் ஏன் அப்பொறுப்புக்குத் தகுந்தவரல்லர் என்பதற்கான காரணங்களை நீங்கள் நீதிமன்றத்தில் கொடுத்தாக வேண்டும். அவரைத் தேடிய ஒவ்வொரு முயற்சியையும், யாரிடம் எந்தத் தேதியில் விசாரித்தீர்கள் என்பதையும், இன்றிலிருந்தே ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள்.