குதிகால் வலிக்கு இன்சோல்: தபாலில் வாங்குவதா, அளவெடுத்துச் செய்வதா?

மலையில் நடக்கிறவர்களின் குதிகால் வலிக்குப் பல நேரம் வேர் கெண்டைக்காலில் இருக்கும். ஏற்றத்தில் ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும். கெண்டைச் சதை இறுகியிருந்தால் அது மடங்காது. இழுப்பெல்லாம் உள்ளங்காலில் ஓடும் தசைநார்ப் பட்டைக்குப் போய்ச் சேரும். குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டுக்குத் தினமும் ஏறி இறங்குபவர், கம்பூட் போட்டுத் தேயிலைச் சரிவில் நாள் முழுக்க நிற்பவர் இருவருக்கும் இது பொருந்தும். ஷூவுக்குள் போடும் உள் அட்டையான இன்சோலுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் வலி எந்த ரகம் என்று பார்த்துவிடுங்கள்.

காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் சுருக்கென்று குத்துகிறதா? கொஞ்சம் நடந்ததும் தணிந்து, வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வருகிறதா? குதிகாலின் அடியில், உள்பக்கமாக, கட்டைவிரலால் அழுத்தினால் சரியாக அந்த இடம் வலிக்கிறதா? பிளான்டர் ஃபேசியைடிஸ் என்று மருத்துவர் சீட்டில் எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். அடுத்து, சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளிக் கால் பெருவிரலை வைத்து, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். எட்டவில்லை என்றால் கெண்டைச் சதை இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். எந்த இன்சோலும் அதை நீட்டித் தராது.

இந்தச் சாதாரண வலிக்கு எங்கள் பரிந்துரை: முதலில், தபாலில் வாங்கும் ரெடிமேட். 2006இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 135 பேருக்கு மூன்று வகையாகக் கொடுத்துப் பார்த்தார்கள்: ஒப்புக்கு ஒரு மெல்லிய இன்சோல், ரெடிமேட், அளவெடுத்துச் செய்தது. மூன்று மாதத்தில் ரெடிமேடும் அளவெடுத்ததும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிறிய பலன் தந்தன. ஓராண்டில் மூன்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. பல ஆயிரம் செலவழித்துக் கோவைக்கு இரண்டு மூன்று முறை இறங்கி ஏறுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

ஆனால் ரெடிமேடிலும் பாதி குப்பை. கையில் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் ஜெல் அட்டை குதிகாலுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், உள்ளங்கால் வளைவைத் தாங்காது. வேண்டியது, அடியில் கெட்டியான பிளாஸ்டிக் ஓடோ அடர்த்தியான ஈ.வி.ஏ. நுரையோ உள்ளது. வந்ததும் இரு முனையையும் பிடித்து மடக்குங்கள்: விரல் மடியும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. குதிகால் உட்காரும் குழி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக இருக்கட்டும். வளைவின் உச்சி உங்கள் வளைவுக்கு நேராக வருகிறதா என்று மேலே ஏறி நின்று பாருங்கள். முன்னால் தள்ளி, விரல்களின் அடிமேட்டில் முட்டினால் அளவு தவறு. பாதத்தை மாலையில், நின்றபடி, செ.மீ.யில் அளந்து, பெரிய பாதத்துக்கு ஆர்டர் கொடுங்கள். வெட்டியதையும் போட்டு நடந்ததையும் பெரும்பாலும் திரும்ப எடுக்கமாட்டார்கள். அதனால் கத்தரியைக் கடைசியில் எடுங்கள்: ஷூவின் பழைய இன்சோலை மேலே வைத்துக் கோடு போட்டு, 2 மி.மீ. கூடுதலாக விட்டு, விரல் பக்கம் மட்டும் வெட்டுங்கள். குதிகால் பக்கம் கை வைக்காதீர்கள்.

பழைய இன்சோலை எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் குதிகால் மேலே எழும்பி, இறக்கத்தில் ஷூவிலிருந்து வழுக்கும், விரல்கள் முன்னால் இடித்து நகம் கறுக்கும். ஷூவின் பின்சுவர் கையால் அழுத்தினால் நசுங்கக் கூடாது; துணியைப் பிழிவது போல முறுக்கினால் நடுப்பகுதி சுலபமாகத் திருகக் கூடாது. இந்த இரண்டு உறுதியும் இல்லாத ஷூவில் எவ்வளவு நல்ல இன்சோலும் வீண். ஹவாய் செருப்பில் இன்சோல் நிற்காது. வீட்டுக்குள் வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நடப்பவர்கள், வளைவும் குழியும் சேர்ந்தே வரும் செருப்பு ஒன்றை வீட்டுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவெடுத்துச் செய்வதற்காக நுரைப்பெட்டியை வீட்டுக்கு அனுப்பி, அதில் பாதத்தின் அச்சைப் பதித்துத் திருப்பி அனுப்பச் சொல்லும் முறையில்தான் தவறு அதிகம் நடக்கிறது. எழுந்து நின்று மிதித்தால் உடல் எடையில் வளைவு தட்டையாகி, அந்தத் தட்டைப் பாதத்துக்கே இன்சோல் வரும். நாற்காலியில் உட்கார்ந்து, முட்டி கணுக்காலுக்கு நேர் மேலே இருக்க, வேறொருவர் முட்டியை அழுத்திக் குதிகாலை முதலில் இறக்க வேண்டும். பிறகு வெளி ஓரம், கடைசியில் விரல்கள். பாதம் உள்பக்கம் சரிந்தால் அச்சு கெட்டது. உதவிக்கு ஆள் இல்லையென்றால் இந்த வழியே வேண்டாம்.

சிலர் ரெடிமேடில் நேரத்தை வீணாக்காமல் நேரே மருத்துவரையும் அளவெடுத்துச் செய்பவரையும் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் முதலில்: கெட்டி ஓடு அழுத்துவதே தெரியாமல் புண்ணாகிவிடும். அவர்களுக்கு மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் (நுண்துளைகள் நிறைந்த ரப்பர்) போன்றவற்றில், அழுத்தம் பரவும்படி, பாதத்தைப் பரிசோதித்துச் செய்ய வேண்டும். ஒரு கால் மட்டும் சமீபத்தில் தட்டையாகி, அந்த ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்க முடியாதவர்கள், முடக்குவாதத்தில் விரல் கோணியவர்கள், குதிகால் எலும்பு முறிந்து சேர்ந்தவர்கள், வளைவு மிக உயர்ந்து விறைத்த பாதம் உள்ளவர்களும் அப்படியே. இரவில் படுத்திருக்கும்போதும் வலி, வீக்கம், விழுந்தபின் ஊன்ற முடியாத வலி, அல்லது இளவயதில் இரு குதிகாலும் முதுகும் சேர்ந்து காலையில் விறைப்பது என்றால் இன்சோல் கடைக்கல்ல, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்குப் போங்கள்.

அளவெடுத்துச் செய்வதானால், செய்பவர் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற ஆர்த்தோடிஸ்டா, அதாவது உடலைத் தாங்கும் சாதனங்களை அளவெடுத்துச் செய்யும் நிபுணரா என்று கேளுங்கள். தினமும் போடும் ஷூவைக் கையோடு கொண்டுபோங்கள். தேய்ந்த அடிப்பாகமே பாதி விவரம் சொல்லும். கொடுத்தபின் திருத்தம் செய்து தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். முதல் முறையிலேயே கச்சிதமாக அமைவது எல்லோருக்கும் நடப்பதில்லை.

எதை வாங்கினாலும் முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினம் ஒரு மணி கூட்டுங்கள், அதுவும் சமதளத்தில். வளைவில் லேசான அழுத்தம் இயல்பு. கொப்புளமோ புதிதாக முட்டி வலியோ வந்தால் நிறுத்துங்கள். கூடவே, படுக்கையை விட்டு இறங்கும் முன் கால் விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்து 10 விநாடி, பத்து முறை. பகலில் சுவரைப் பிடித்துப் பின்காலை நீட்டிக் கெண்டைச் சதைக்கு 30 விநாடி, மூன்று முறை. ஆறு வாரம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் துளியும் குறையவில்லை என்றால் அப்போது மருத்துவரிடமும் அளவெடுப்பவரிடமும் போகலாம்.

மழைக் காலத்தில் தினமும் இரவு இன்சோலை வெளியே எடுத்து நிமிர்த்தி வையுங்கள். ஈரத்தோடு ஷூவுக்குள் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், பசை விட்டு மேல்துணி உரியும். தோல் மேலுறை வேண்டாம். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்போரத்திலோ ஹீட்டர் முன்னாலோ வைக்காதீர்கள், சூட்டில் ஈ.வி.ஏ. சுருங்கும், பிளாஸ்டிக் ஓடு வளைவை இழக்கும். ஓடு பல ஆண்டு தாங்கினாலும் மேலே உள்ள நுரை அதற்கு முன்பே செத்துவிடும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தபின் பள்ளம் அப்படியே நின்றால் மேலுறையை மாற்றச் சொல்லுங்கள், ரெடிமேடானால் புதிதாக வாங்குங்கள்.