எடை கூடியவர்களின் டர்ட் பைக் சஸ்பென்ஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எனக்கு 98 கிலோ. ராதாபுரம் பக்கம் காற்றாலைக்குப் போகும் சரள் பாதையில் முதல் நாள் ஓட்டியபோது, சின்னப் பள்ளத்துக்கே பின்பக்கம் 'டம்'மென்று அடி தட்டியது. "அண்ணாச்சி, ப்ரீலோடை ரெண்டு சுத்து ஏத்திட்டா சரியாயிரும்" என்றார் மெக்கானிக். ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைப்பதுதான் ப்ரீலோட். ஏற்றினோம். அடி தட்டுவது நிற்கவில்லை. கூடவே சின்னக் கல்லுக்கெல்லாம் சீட் என்னைத் தூக்கிப் போட்டது.

கனமான ஆட்கள் முதலில் செய்கிற தவறே இதுதான். ப்ரீலோட் ஸ்பிரிங்கைக் கடினமாக்காது. 5 கிலோவுக்கு 1 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங்கை 10 மி.மீ. இறுக்கி வைத்தால், முதல் 50 கிலோவுக்கு அது அசையாது. அதைத் தாண்டினால் மறுபடி மில்லிமீட்டருக்கு அதே 5 கிலோதான். நமக்கு வேண்டியது கனமான ஸ்பிரிங், அதாவது ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்கவும் கூடுதல் எடை கேட்கும் ஸ்பிரிங்.

அது தேவையா என்பதை அளவு டேப் சொல்லிவிடும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டு வரை அளக்க வேண்டும். பிறகு தரையில் நிறுத்தி ஒரு தடவை, நாம் ஏறி உட்கார்ந்து ஒரு தடவை. இறங்கிய அளவுக்குப் பெயர் சேக். சக்கரம் 300 மி.மீ. ஏறி இறங்கும் மோட்டோகிராஸ் வண்டியில் ஆளோடு 100 முதல் 105, வண்டி மட்டும் 30 முதல் 40 இருந்தால் நல்லது. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி போல பின்சக்கர ஏற்ற இறக்கம் 170 மி.மீ. உள்ள வண்டிக்கு ஆளோடு 55 அளவு, அதாவது மூன்றில் ஒரு பங்கு.

வேப்பமரத்தடியில் தம்பி டேப்பைப் பிடிக்க, மட்கார்டில் ஒட்டிய இன்சுலேஷன் டேப்பில் பேனாவால் கோடு போட்டு அளந்தோம். என் வண்டி 300 மி.மீ. ரகம். என்னோடு 102. சரிதானே என்று நினைத்தேன். வண்டி மட்டும் வெறும் 8! "தனியா இறங்கவே இல்லையே, ஸ்பிரிங் ரொம்பக் கடினம்போல" என்றான் தம்பி. பலரும் இப்படித்தான் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஸ்பிரிங் மெலிசாக இருப்பதால்தான் என்னைத் தாங்க அதை அவ்வளவு இறுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் வண்டி மட்டும் நிற்கும்போது இறங்க இடமில்லை.

ஹெல்மெட், பூட்ஸ், கவசம், தண்ணீர்ப் பை எல்லாம் போட்டுக்கொண்டுதான் அளக்க வேண்டும். லுங்கியோடு அளந்தால் எட்டு பத்து கிலோ கணக்கில் வராது.

பின்பக்கம் மட்டும் ஸ்பிரிங் மாற்றிவிட்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை அப்படியே விடுவதும் ஆபத்துதான். பின்பக்கம் உயர, முன்பக்கம் தாழ, திசையன்விளை பக்கத்துத் தேரி மணலில் முன்சக்கரம் புதைந்து ஹேண்டில் கையை விட்டுத் திருகும். மணலில் பின்பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் வண்டி நேராகப் போகும். ஃபோர்க்குக்கும் கனமான ஸ்பிரிங் போடுங்கள். அதற்குப் பதிலாகக் கெட்டியான ஆயில் ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். அது அமுங்குவதையும் மீள்வதையும் சேர்த்தே மந்தமாக்கும், எடையைத் தாங்காது.

ஸ்பிரிங் மாறினால், அமுங்கியது மீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்டும் மாற வேண்டும். கனமான ஸ்பிரிங் வேகமாக மீளும். பழைய அளவிலேயே விட்டால் குளக்கரை மேட்டில் பின்பக்கம் எகிறி ஆளை முன்னே தள்ளும். முதலில் ரீபவுண்ட் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடி, எத்தனை கிளிக் என்று எண்ணிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வலுவாக முறுக்கினால் உள்ளே இருக்கும் ஊசி கெட்டுப்போகும். பழைய அளவுக்கே திருப்பி வைத்து, அங்கிருந்து இரண்டு கிளிக் மூடி, அதே பாதையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த மாற்றம். அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷனையும் அதே நாளில் தொட்டால், எது எதைச் சரிசெய்தது என்று தெரியாது.