தினசரி ஜெப நேரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தினமும் ஜெபிக்க வேண்டும் என்பதில் கிறிஸ்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எல்லா வேலையும் முடிந்தபின் மிஞ்சுகிற நேரத்தை ஜெபத்திற்கு விட்டுவைக்கும் தவறைப் பலரும் செய்கிறார்கள். அந்த நேரம் பெரும்பாலும் தூக்கத்திற்கே போய்விடுகிறது. மாற்கு முதல் அதிகாரத்தில், கப்பர்நகூம் பட்டணத்தார் எல்லாரும் மாலையில் வீட்டு வாசலில் கூடியிருக்க, இயேசு பல நோயாளிகளைச் சுகமாக்குகிறார். மறுநாள் இருட்டோடே எழுந்து, தனிமையான ஓர் இடத்தில் ஜெபிக்கிறார். எல்லாரும் தம்மைத் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொல்லும் அளவுக்கு வேலை காத்துக்கிடந்தபோதே அவர் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு, அதிகாலை ஜெபம் மட்டுமே உண்மையான ஜெபம் என்று சட்டம் வகுப்பது அடுத்த தவறு. தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டான். பேதுரு நண்பகலில் மேல்வீட்டில் ஏறி ஜெபித்தான். ஈசாக்கு சாயங்கால வேளையில் தியானம்பண்ண வெளியே போனான். இரவுப் பணி செய்பவரும், கைக்குழந்தையோடு விழித்திருக்கும் தாயும், தங்களால் காக்க முடியாத விடியற்காலையை நினைத்துக் குற்ற உணர்வோடு வாழ வேண்டியதில்லை. எந்த மணி என்பதைவிட, அன்றாடம் தவறாமல் நடக்கிற ஒரு செயலுக்கு முன்னோ பின்னோ அதை நிலைநிறுத்துவதே முக்கியம்.

கால அளவில்தான் அதிகமானோர் இடறுகிறார்கள். எழுப்புதல் கூட்டத்தின் உற்சாகத்தில், இனி தினமும் ஒரு மணி நேரம் என்று பொருத்தனை செய்துவிட்டு, சில நாட்களில் முற்றிலும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில், ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக் கூடாதா என்று இயேசு சீஷர்களிடம் கேட்டதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அது ஓர் இரவின் நெருக்கடியில் எழுந்த கேள்வி, தினசரி அட்டவணை அன்று என்பது என் கருத்து. அவரே கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். ஆதித் திருச்சபையின் போதனை நூலான திதாக்கே, அதைத் தினமும் மூன்று முறை சொல்லும்படி கூறுகிறது. பத்து நிமிடத்தில் தொடங்கி, பழகியபின் நீட்டிக்கொள்வதே நல்லது.

இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள் என்று பவுல் எழுதியிருப்பதால், வேலையினூடே நினைத்துக்கொள்வதே போதும் என்போரும் உண்டு. ஆனால் பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி நேரமாகிய (நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணி) ஜெபவேளைக்குத் தேவாலயத்திற்குப் போனதை அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். எப்போதும் ஜெபிக்கிற மனம், குறித்த வேளையைத் தேவையற்றதாக்கிவிடவில்லை. தியானக் கட்டுரையொன்றை வாசித்து முடிப்பதையே ஜெபமாக எண்ணுவதும், கைப்பேசியை அருகில் வைத்துக்கொண்டு கண்மூடுவதும் எல்லாரும் அறிந்த தவறுகளே.

தவறிய நாளைக் கடனாகக் கருதி, மறுநாள் இரட்டிப்பாக ஜெபிக்க முயல்வதும் வேண்டாம். அந்தச் சுமை சீக்கிரமே ஜெபத்தையே வெறுக்கச் செய்யும். காலையில் தவறினால் நண்பகலில் பரமண்டல ஜெபத்தையாவது சொல்லிவிட்டு, மறுநாள் வழக்கமான வேளையில் வழக்கமான அளவிலேயே தொடரலாம். ஒரே வேளை வாரத்திற்குப் பலமுறை தவறுமானால், பக்தி குறைந்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், அந்த வேளையை மாற்றிப் பார்க்க வேண்டும்.