புலம்பெயர் நாவல் வாசிக்கும்போது ‘ஏக்கம்’ என்ற சொல்லை ஓரமாக வையுங்கள்

புலம்பெயர்ந்தவர்கள் எழுதிய நாவலை முடித்துவிட்டு அதைப் பற்றி நாலு வரி எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து விழுகிற சொல் ‘ஏக்கம்’தான். ஊர் ஏக்கம், மண்வாசனை, வேரற்ற வாழ்வு, இத்யாதி. நானும் இப்படிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், இப்போது எடுத்துப் பார்த்தால் எந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதினேன் என்றே தெரியவில்லை, தலைப்பை மாற்றினால் எந்த நாவலுக்கும் பொருந்தும். அதற்குப் பிறகு வாசிக்கும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன், அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

மெல்லிய புத்தகம் ஒன்றில் தொடங்குங்கள். என் சிபாரிசு சாம் செல்வோனின் ‘த லோன்லி லண்டனர்ஸ்’, 1956இல் வந்தது. பெயரைப் பார்த்ததும் உங்களுக்குத் தோன்றுவது சரிதான், அவருடைய அப்பா மதராஸிலிருந்து கரீபியத் தீவான டிரினிடாடுக்குப் போன தமிழர். அதற்காக நம்ம ஆள் என்று தோளில் கைபோட வேண்டாம், நாவலில் தமிழ் வாடையே கிடையாது. கரீபியத் தீவுகளிலிருந்து லண்டனுக்கு வந்து கையில் காசில்லாமல் அலையும் இளைஞர்களின் கதை அது, கூடவே நிறைய சிரிப்பு.

கதைக்குள் போகும் முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த ஆள் கையில் என்ன காகிதத்தோடு வந்தான்? செல்வோனின் ஆட்கள் அகதிகள் இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி காலனிக்காரர்களும் பிரிட்டிஷ் குடிமக்கள்தான், கப்பல் டிக்கெட்டுக்குக் காசு தேறினால் வந்து இறங்கலாம், விசா கிசா கிடையாது. அந்தக் கதவை 1962இல் சாத்த ஆரம்பித்தார்கள், டிரினிடாடுக்குச் சுதந்திரம் வந்ததும் அதே வருஷம்தான். ஆக, நாவல் நடக்கும் காலத்தில் வாசல் திறந்திருக்கிறது. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இவர்களுடைய அட்டையின் தலைமாட்டில் சிவப்பு மையில் ஒரு சுருக்கெழுத்து இருக்கும், ஜமைக்காக்காரர், கறுப்பர் என்று அதற்கு அர்த்தம். பாஸ்போர்ட் ஒன்று சொல்கிறது, அட்டை வேறு சொல்கிறது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

இதே கேள்வியை அப்துல்ரசாக் குர்னாவின் ‘பை த சீ’ நாவலிடம் கேட்டால் விடை வேறு. 1964 புரட்சிக்குப் பிந்தைய சான்சிபார் அது, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவு. அங்கிருந்து 65 வயது சாலே உமர் இன்னொருவர் பெயரில் எடுத்த பாஸ்போர்ட்டோடு இங்கிலாந்தின் கேட்விக் விமான நிலையத்தில் வந்து நிற்கிறார். ஆங்கிலம் தெரியாதது மாதிரி இருந்துகொள் என்று யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், அப்படியே வாயை மூடிக்கொண்டிருக்கிறார். ‘கேஸ் எழுதுவது’, அதாவது அகதி விண்ணப்பத்துக்குத் தன் கதையை எழுதிக்கொடுப்பது, என்னவென்று தெரிந்த ஈழத்து வாசகருக்கு இந்த அத்தியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. டிரினிடாடில் பிறந்த நைபாலின் ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவல் மூன்றாவது வகை, அதில் வருபவர்கள் 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து டிரினிடாடுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள். குடிமகன், அகதி, கூலியின் பேரன். மூவரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி ‘புலம்பெயர்வு’ என்று லேபிள் ஒட்டினால் மூன்று புத்தகமும் கெட்டுப்போகும்.

அப்புறம், வந்து இறங்கும் காட்சியை இரண்டு தடவை படியுங்கள், இரண்டாவது தடவை சாமான்களை மட்டும் பாருங்கள். செல்வோன் நாவலின் தொடக்கத்தில் மோசஸ் என்ற பழைய ஆள் வாட்டர்லூ ஸ்டேஷனுக்குப் போய் ஒரு புது ஆளை அழைத்துவருகிறான். நல்ல குளிர்காலம். வந்தவன் மெல்லிய சூட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, குளிரே தெரியாதவன் மாதிரி நிற்கிறான். பெட்டி எங்கே என்று கேட்டால் பெட்டி எதற்கு, வேலைக்குப் போனதும் வாங்கிக்கொள்ளலாம் என்கிறான். சட்டைப்பையில் ஒரு பழைய டூத்பிரஷ், சூட்டுக்கு உள்ளே பைஜாமா, அவ்வளவுதான் சொத்து. மோசஸுக்கு வருகிற கோபம் எதற்கு என்று பாருங்கள்: 200 சிகரெட் வரைக்கும் கொண்டுவர விடுவார்களே, அதைக்கூடக் கொண்டுவராமல் வந்திருக்கிறானே! ஊரைப் பிரிந்த சோகம் அந்தப் பக்கங்களில் எங்கேயும் பெயர் சொல்லி வருவதில்லை. ஆனால் பத்து வருஷம் லண்டனில் கிடந்தவனுக்கும் இன்று வந்து இறங்கியவனுக்கும் நடுவில் இருக்கும் தூரம் அந்த சிகரெட் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது. சாலே உமரிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, உள்ளே வாசனைப் புகை போடுகிற ஊது அகில். அதைப் பிடுங்கிக்கொள்கிற அதிகாரியின் பெற்றோரும் ருமேனியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள்தான்.

‘சொந்தம்’ எங்கே வருகிறது என்று தேடுபவர்கள் பெரிய வசனங்களை விட்டுவிட்டுக் கடைகளைப் பாருங்கள். செல்வோன் நாவலில் டான்ட்டி என்று ஒரு வயசான அம்மா, குடும்பத்தோடு சொல்லாமல் கொள்ளாமல் லண்டனுக்கு வந்து இறங்கியவர். அவர் சாமான் வாங்கும் கடையில் ஒரு படம் தொங்குகிறது: கடன் கொடுத்த வியாபாரி வற்றி ஒடுங்கித் தலையில் கைவைத்திருக்கிறார், ரொக்கத்துக்கு விற்றவர் தொப்பையும் தங்கச் சங்கிலியுமாகச் சிரிக்கிறார். நம் அண்ணாச்சி கடையின் ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ பலகைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டான்ட்டி அந்தப் படத்தைக் காட்டியே கடைக்காரரிடம் வாதாடி, எங்கள் ஊரில் எல்லாம் இப்படி இல்லை என்று சொல்லி, வெள்ளிக்கிழமை வரை கடன் கொடுக்கும் பழக்கத்தை அங்கே கொண்டுவந்துவிடுகிறார். நாவல் முழுக்க அந்த நகரத்தில் உருப்படியாகக் குடியேறிய ஒரே ஆள் அவர்தான் என்பது என் எண்ணம், பையன்கள் எல்லாம் சுற்றித்தான் திரிகிறார்கள். மற்ற பெண்களை அந்தப் பையன்களின் கண் வழியாக மட்டுமே காட்டுவது இந்தப் புத்தகத்தின் பெரிய குறை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பிடித்த புத்தகம் என்பதற்காக மழுப்ப வேண்டாம்.

மொழி. ஆங்கிலத்தில் வாசிக்கிறீர்கள் என்றால் முதல் பத்து பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். வினைச்சொற்கள் இலக்கணத்தை மீறும், அச்சுப்பிழை என்று தோன்றும், இல்லை. செல்வோன் முதலில் கதைசொல்லியை ஒழுங்கான ஆங்கிலத்தில் பேசவிட்டுப் பார்த்தார், கதை நகரவில்லை, பிறகுதான் கதைசொல்லியையும் டிரினிடாட் பேச்சுக்கு மாற்றினார். நம் கரிசல் கதைகளில் கதை சொல்கிறவரே ஊர்ப்பேச்சில் சொல்வது போலத்தான். கோடைகாலத்தைப் பற்றிய பகுதி பக்கக்கணக்கில் நிறுத்தற்குறியே இல்லாமல் ஓடும், அங்கே அகராதியை மூடிவிட்டு மூச்சுப் பிடித்துப் படியுங்கள்.

கடைசியாக, ‘அப்படியானால் திரும்பிப் போகலாமே, ஏன் போகவில்லை?’ என்று ஒவ்வொரு பாத்திரத்திடமும் கேளுங்கள். நைபாலின் நாவலில் துள்சி என்ற பெரிய குடும்பத்தின் வீட்டு வாசலில் கிழவர்கள் மாலை நேரத்தில் கூடிப் புகைபிடித்துக்கொண்டு இந்தியா திரும்புவதைப் பற்றியே பேசுவார்கள், வாய்ப்பு வந்தபோது நிறையப் பேர் போகவில்லை. போனால் அங்கே யார் இருக்கிறார்கள் என்ற பயம். இதை ஏக்கம் என்று எழுதினால் பாதிதான் எழுதியதாகும், அதோடு இந்தத் தற்காலிகம் பழகிவிட்ட சௌகரியமும் சேர்ந்திருக்கிறது.

‘புலம்பெயர்’ என்ற சொல்லே பட்டினப்பாலையில் இருக்கிறது: புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும் பட்டினம் என்று காவிரிப்பூம்பட்டினத்துக்குப் புகழ். அழகான வரிதான். ஆனால் அது பட்டினத்தைப் பாடிய புலவரின் பார்வை, அந்த மாக்களில் ஒருவர் இனிதாகத்தான் உறைகிறேன் என்று வந்து சொல்லவில்லை. மோசஸைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பான்: அமெரிக்காவிலாவது உள்ளே வராதே என்று பலகை வைப்பார்கள், இங்கே பலகை இருக்காது, உள்ளே போன பிறகு மரியாதையாக வெளியே அனுப்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பையன்கள் எல்லோரும் மோசஸின் அறைக்கு வந்து கூடுகிற பகுதியை வேறொரு நாளைக்கு எடுத்து வையுங்கள். சர்ச்சுக்குப் போவது மாதிரி தவறாமல் வருவார்கள், அதே கதைகளை மறுபடி சொல்வார்கள், மோசஸ் பாதி கேட்டும் கேட்காமலும் இருப்பான். யார் வருகிறார்கள், காசு போட்டால் எரிகிற அடுப்பைப் பற்றவைக்க யார் காசு கேட்கிறார்கள், எவனுக்குச் சாப்பாடு இல்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அதன் பிறகு எழுத உட்காருங்கள்.