வெளிநாட்டு லஞ்சச் சட்டம்: புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

கம்பெனிக் கணக்குகளைத் தணிக்கை செய்ய வரும் புதியவர்கள், அன்று நான் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். கவரில் பணம் வைத்துக் கொடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

"சட்டத்தையே நிறுத்திட்டாங்களே!"

வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் 1977ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் கீழ் புதிய விசாரணைகளை 180 நாட்களுக்கு நிறுத்தி வைக்கும்படி, 2025 பிப்ரவரி 10 அன்று அதிபர் ட்ரம்ப் உத்தரவிட்டார். இந்தக் கெடுபிடியால் அமெரிக்கக் கம்பெனிகள் போட்டியில் பின்தங்குகின்றன என்பது அவர் சொன்ன காரணம். அந்த வாரமே தம்பி ஒருவர் ஏஜென்ட் கமிஷன் பில்லைச் சரிபார்க்காமலே என்னிடம் நீட்டினார். "இனிமே இதையெல்லாம் யார் சார் கேக்கப் போறா?"

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் கேள்வி இது. நின்றது விசாரணைதான். சட்டத்தை நீக்க வேண்டுமென்றால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் நீக்க வேண்டும். ஜூன் 9 அன்றே அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் புதிய வழிகாட்டுதலோடு வேலைக்குத் திரும்பிவிட்டது. லஞ்சக் குற்றத்துக்கு வழக்குப் போட 5 ஆண்டு அவகாசம் உண்டு. 2025இல் பாஸ் செய்த பில்லை, 2029 ஜனவரியில் வரும் அடுத்த அரசு நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

அமெரிக்க ஐ.டி. நிறுவனமான காக்னிசன்ட்டின் கதை சென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே வளாகம் கட்டும் அனுமதிக்காக ஓர் அதிகாரிக்குச் சுமார் 20 லட்சம் டாலர் கொடுக்க ஏற்பாடானது, அதை ஒப்பந்ததாரரின் கூடுதல் பில்களில் மறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2019இல் நிறுவனம் 2.5 கோடி டாலர் கட்டியது. அந்த நிறுவனத்தின் முன்னாள் உயரதிகாரிகள் இருவர் குற்றத்தை மறுத்து வழக்காடினார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசே அந்த வழக்கைக் கைவிட்டது. "பாத்தீங்களா சார்!" என்றார் தம்பி. நடுவில் போன ஆறு வருடத்தையும் வக்கீல் ஃபீஸையும் அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"ஏஜென்ட் கொடுத்தார், நாங்க இல்லை"

உங்கள் பணத்தில் ஏஜென்ட் லஞ்சம் கொடுப்பது தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டாலும் மாட்டுவீர்கள். ('இதர செலவு' என்று எழுதித் தள்ளியவன்தான் நானும். எந்தக் கம்பெனியில் என்று கேட்காதீர்கள்.)

"டீ செலவுதானே"

வழக்கமான ஃபைலை நகர்த்தக் கொடுக்கும் சில்லறைக்கு அமெரிக்கச் சட்டத்தில் விலக்கு உண்டு. பிரிட்டனின் 2010 சட்டத்தில் அதுவும் கிடையாது.

"நம்ம நாட்டுல இதுக்குச் சட்டமே இல்லையே"

வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லைதான். அதற்காக 2011இல் வந்த மசோதா காலாவதியாகிவிட்டது. ஆனால் உங்கள் தாய்க் கம்பெனியின் பங்குகள் நியூயார்க்கில் விற்கின்றனவே? அப்படியானால் அமெரிக்கச் சட்டம் அந்தக் கம்பெனியைப் பிடிக்கும்.