லேடீஸ் சீட் படத்தில் ஆழம் வராதபோது

ஏற்காடு மலையின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து கீழே சேலத்தைப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிகிற ஆழம் போன் படத்தில் வருவதில்லை. மேலே வெளுத்த வானம், கீழே மங்கலாக ஊர், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

கேமரா செட்டிங்ஸில் கிரிட்டைப் போட்டேன். நெடுக்கே 2 கோடு, குறுக்கே 2 கோடு, ஆக 9 கட்டம். அடிவானத்தை நடுவிலிருந்து மேல்கோட்டுக்கு ஏற்றியதும் வெற்று வானம் குறைந்து மலைச்சரிவுக்கு இடம் கிடைத்தது. மேகம் திரண்டு நிற்கும் நாளில் மட்டும் கீழ்க்கோட்டில் வைப்பேன்.

ஆனாலும் படத்தை உண்மையில் மாற்றியது முன்புறம்தான். கம்பி வேலியை ஒட்டி நிற்காமல் கொஞ்சம் பின்னால் வந்து, குனிந்து, பக்கத்து மரக்கிளையை ஓரக்கட்டத்தில் சேர்த்தேன். கிட்டத்தில் நரம்பு தெரியும் இலை, அப்புறம் கரும்பச்சைச் சரிவு, அதற்கும் பின்னால் நீலம் பூத்த சமவெளி. மூன்று அடுக்கு வந்ததும் தூரம் தானாகத் தெரிந்தது. பக்கத்துப் பொருளோடு ஒப்பிட்டுத்தானே கண் தூரத்தை அளக்கிறது!

அகல லென்ஸ் தூரத்து மலையைச் சின்னதாக்கிவிடும். 2 மடங்கு ஜூம் நல்லது. கொண்டை ஊசி வளைவுச் சாலை தெரிந்தால் அது படத்தின் கீழ்மூலையில் நுழைகிற மாதிரி நில்லுங்கள், பார்வை அதன் வழியே உள்ளே போகும். ஆள் இருந்தால், அவர் பார்க்கிற பக்கம் இடம் விடுங்கள்.